இயேசு சபைப் பள்ளியில் பையனைச் சேர்க்கலாமா?

அக்டோபர் பிறந்தால், அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பையன் இருக்கும் தமிழ் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருட உயர்நிலைப் படிப்பு எங்கே? பக்கத்து அரசுப் பள்ளி இலவசம். அந்தப் பள்ளிக்காகத்தான் கூப்பர்டினோவிலோ எடிசனிலோ பிளேனோவிலோ மூச்சு முட்டும் விலைக்கு வீடே வாங்கியிருப்பார்கள். ஆனாலும் யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குழுவில், "ஜெசூட் ஸ்கூல்ல போடுங்க, பையன் ஒழுக்கமா வருவான், படிப்பும் சூப்பர்" என்று போட்டுவிடுவார். அன்றிரவு தூக்கம் போய்விடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்புக்காக மட்டும் என்றால், நல்ல அரசுப் பள்ளி இருக்கும் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் தேவையில்லை. பையனின் குணம் நன்றாக உருவாக வேண்டும் என்பதற்காக என்றால் யோசிக்கலாம். ஆனால் அந்தப் பள்ளிகள் உருவாக்க நினைக்கும் பையனும், நம் வீடுகளில் 'நல்ல பையன்' என்று சொல்லும்போது மனதில் வரும் பையனும் ஒருவன் அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்த்துவிட்டு, பிறகு முழிக்கும் பெற்றோர் உண்டு.

ஜெசூட் என்ற இயேசு சபை நமக்குப் புதிதல்ல. 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உணவோடு தத்துவ போதகர் என்ற பெயரில் வாழ்ந்த ராபர்ட் தெ நொபிலி இந்தச் சபைக்காரர்தான். 1693-ல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தரும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அப்படியே. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரி, 1925-ல் வந்த சென்னை லயோலா, பாளையங்கோட்டை சவேரியார் நிறுவனங்கள் என்று எங்காவது ஓரிடத்தில் தாத்தாவோ மாமாவோ படித்திருப்பார். அந்த நினைவை வைத்துக்கொண்டு அமெரிக்கப் பள்ளியை எடைபோடுவதில்தான் சிக்கல் வருகிறது. ஊரில் அவை பெரும்பாலும் அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வரும், கட்டணம் கைக்கு எட்டும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும்போது மற்றவர்கள் நீதிபோதனை வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் அரசுச் சம்பளமும் இல்லை, தனி வகுப்பும் இல்லை.

சபையின் கதை சுருக்கமாக: 1521-ல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய ஸ்பானியப் போர்வீரர் இஞ்ஞாசியார், படுத்த படுக்கையில் மனம் மாறிப் பின்னாளில் தொடங்கியது இது. 1540-ல் போப் அங்கீகரித்தார். 1548-ல் சிசிலியின் மெசினாவில் வெளியாருக்கென முதல் பள்ளியைத் திறந்தார்கள். ஊராரே செலவை ஏற்றதால் மாணவர்களிடம் காசு வாங்கவில்லை. 1599-ல் எல்லாப் பள்ளிகளுக்குமான நடைமுறை நூல் வந்தது. எதை எந்த வரிசையில் சொல்லித்தருவது, விவாதம் எப்படி நடத்துவது, நாடகம் எப்படிப் போடுவது என்று எல்லாம் அதில் உண்டு. பையனை அடிக்க வேண்டியிருந்தால் சபைக் குருக்கள் கை வைக்கக்கூடாது, அதற்கென வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. நம் ஊர்ப் பள்ளியில் பிரம்படி வாங்கியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

அமெரிக்காவில் இவர்களின் மிகப் பழைய பள்ளி 1789-ல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் பிரெப். இன்று நாடு முழுவதும் அறுபதுக்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ செயின்ட் இக்னேஷியஸ் போலச் சில, காலப்போக்கில் பெண்களையும் சேர்க்கத் தொடங்கிவிட்டன. சான் ஓசே பெல்லர்மின், ஹூஸ்டன் ஸ்ட்ரேக் ஜெசூட், ஜெசூட் டாலஸ், ஜெர்சி சிட்டி செயின்ட் பீட்டர்ஸ், வாஷிங்டன் கொன்சாகா, லாஸ் ஏஞ்சலிஸ் லயோலா போன்றவை இன்றும் ஆண்கள் பள்ளிகள். பெயர்ப்பலகையில் 'ஜெசூட்' என்று இருந்தாலும் வகுப்பில் அங்கி அணிந்த சாமியாரைப் பார்ப்பது அபூர்வம். ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லோரும் குடும்பஸ்தர்கள், பல பள்ளிகளில் தலைவரும் அப்படித்தான். சபையின் வட்டார நிர்வாகப் பிரிவான மாகாணத்தோடு ஒப்பந்தம் இருக்கும். பள்ளி இன்னும் சபையின் வழியில்தான் நடக்கிறதா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒரு குழு வந்து பார்க்கும். அந்தக் குழு கடைசியாக என்ன குறை சொன்னது என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். பெரும்பாலான பெற்றோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

குணம் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்? இதற்கு 1973-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் ஸ்பெயினின் வலென்சியாவில், சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் கூடினார்கள். பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். சபையின் தலைவர் பெத்ரோ அருப்பே பேசினார். அவர் சாதாரண ஆள் இல்லை. 1945-ல் ஹிரோஷிமாவின் புறநகரில் இருந்தவர், முன்பு மருத்துவம் படித்திருந்ததால் குண்டில் வெந்து வந்தவர்களுக்கு மடத்திலேயே சிகிச்சை செய்தவர். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் இனி எங்கள் கல்வியின் நோக்கம் என்றார். அதோடு நிற்காமல், அப்படி உங்களை நாங்கள் உருவாக்கினோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். வந்திருந்தவர்களில் சிலருக்கு முகம் சுருங்கியது. அந்தப் பேச்சிலிருந்துதான் இன்றைய பள்ளிச் சுவர்களில் காணும் வாசகம் வந்தது. 1980-ல் அமெரிக்கப் பள்ளிகள் சேர்ந்து, படித்து முடித்து வெளியேறும் பையன் எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து அடையாளங்களை எழுதின: வளரத் திறந்த மனம், அறிவுத்திறன், சமயப் பற்று, அன்பு, நீதிக்காக உழைக்கும் உறுதி. கீழ்ப்படிதல் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சுவரில் எழுதுவது சுலபம். நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கிளீவ்லாந்தில் இருக்கிறது. அங்குள்ள செயின்ட் இக்னேஷியஸ் 1886-ல் தொடங்கிய ஆண்கள் பள்ளி. 2003-ல் அங்கே இறையியல் ஆசிரியர் ஒருவர் மாணவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார். இயேசுவின் உடலை வாங்கித் தன் கல்லறையில் வைத்த அரிமத்தியா ஊர் யோசேப்பின் பெயர் அதற்கு. வேலை என்ன தெரியுமா? சவப்பெட்டி தூக்குவது. வீடற்றவர், உறவினர் யாரும் இல்லாதவர், முதியோர் இல்லத்தில் தனியாக இறந்தவர், பிள்ளைகள் இருந்தும் தூக்க உடம்பில் தெம்பில்லாத கிழவர்கள் மட்டுமே வந்திருக்கும் சாவு. இப்படிப்பட்ட இடங்களுக்குப் பதினேழு வயதுப் பையன்கள் டை கட்டிக்கொண்டு, வகுப்பு நேரத்தில் போய், பெட்டியின் இரு பக்கமும் நின்று தூக்கி வருகிறார்கள். முன்பின் பார்த்திராத மனிதருக்காக ஜெபிக்கிறார்கள். திரும்பி வந்து கணக்குப் பரீட்சை எழுதுகிறார்கள். டெட்ராய்ட் உட்பட வேறு ஊர்களின் சபைப் பள்ளிகளும் இதைப் பார்த்துத் தொடங்கின.

போகும்போது தூக்க நாலு பேர் வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவனாக நம் வீட்டுப் பையன், யாரென்றே தெரியாத ஒருவரின் சாவுக்குப் போகிறான் என்றால்? "சின்னப் பையனை எதுக்கு சாவு வீட்டுக்கு அனுப்பணும்? தீட்டு வேற" என்று பாட்டி ஊரிலிருந்து வீடியோ காலில் சத்தம் போடுவார். அப்பாவுக்கு வேறு கவலை: "கிளாஸ் மிஸ் ஆகுமே." இந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதுதான், இப்படிப்பட்ட பள்ளி உங்கள் வீட்டுக்குச் சரிப்படுமா என்பதற்கான உண்மையான தேர்வு. எல்லா சபைப் பள்ளியிலும் சவப்பெட்டி தூக்கச் சொல்ல மாட்டார்கள். கிளீவ்லாந்திலும் விருப்பப்பட்டவர்தான் போகிறார்கள். ஆனால் எல்லாப் பள்ளியும் ஏதோ ஒரு வழியில் பையனை அவன் வசதியிலிருந்து வெளியே இழுக்கும்.

வாஷிங்டனில் கொன்சாகா, நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது. அதன் வளாகத்திலுள்ள தேவாலயத்தின் நிலவறையில் வீடற்ற ஆண்களுக்கான ஒரு பகல்நேர மையம் நடக்கிறது. ஏழைகளுக்காக உழைத்த ஹொரேஸ் மெக்கென்னா என்ற குருவின் பெயர் அதற்கு. லாக்கரில் பையை வைத்துவிட்டுப் பையன்கள் அங்கே உதவப் போகலாம். பஸ் பிடித்துத் தொண்டு செய்யப் போவது வேறு, காலையில் பள்ளிக்குள் நுழையும்போதே அந்த மனிதர்களைக் கடந்து போவது வேறு. செயின்ட் லூயிஸில் 1818-ல் தொடங்கிய சபைப் பள்ளியில் கடைசி ஆண்டு மாணவர்கள் ஜனவரியில் வகுப்புகளை விட்டுவிட்டு வாரக்கணக்கில் முழுநேரத் தொண்டு செய்கிறார்கள்.

ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது 'உங்கள் பள்ளியில் சேவை மணிநேரம் எத்தனை?' என்று கேட்காதீர்கள். நூறு மணி நேரம் என்று பதில் வரும். நூறு மணி நேரத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வேலை எங்கே, யாரோடு, பள்ளி நேரத்திலா விடுமுறையிலா, முடித்த பிறகு அதைப் பற்றி வகுப்பில் பேசுகிறார்களா என்று கேளுங்கள். ஒரு பள்ளி எதை முக்கியமென்று நினைக்கிறதோ அதற்குத் தன் நேர அட்டவணையில் இடம் கொடுத்திருக்கும். கொடுக்கவில்லை என்றால் அது விளம்பரத் தாளில் மட்டும் இருக்கும் குணம்.

அட்டவணையில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். பல பள்ளிகளில் நாளின் நடுவே சில நிமிடம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காலையிலிருந்து நடந்ததை மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். எது நன்றாக நடந்தது, எங்கே சறுக்கினேன், அடுத்து என்ன? இஞ்ஞாசியார் வகுத்த பழக்கம் இது. பதினான்கு வயதில் கொட்டாவி விடுவார்கள். பதினெட்டில் சிலருக்குப் பழகிவிடும். இன்னொன்று, பதினொன்றாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் வரும் 'கைரோஸ்' தியானம். மூன்று நான்கு நாள் வெளியூரில், கைபேசி இல்லாமல். போய்வந்த பையன்கள் உள்ளே என்ன நடந்தது என்று வாய் திறக்க மாட்டார்கள், அது எழுதப்படாத ஒப்பந்தம். பெற்றோருக்கு மட்டும் ஒரு வேலை உண்டு: மகனுக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். மார்க், ரேங்க், 'பார்த்துப் போ' தவிர மகனிடம் வேறு எதுவும் பேசிப் பழகாத அப்பாக்களுக்கு, கட்டணம் கட்டுவதைவிட இது கடினம். ஆங்கிலத்தில் எழுதினால் அந்நியமாக இருக்கிறது, தமிழில் எழுதினால் அவனுக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவிடம் தள்ளிவிடாமல் உட்கார்ந்து எழுதிவிடுங்கள் என்பது என் யோசனை.

இப்போது படிப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று எல்லாப் பள்ளியும் சொல்லும். உண்மைதான். ஆனால் நுழைவுத் தேர்வு வைத்து, ஏழாம் வகுப்பு மதிப்பெண் பார்த்து, கட்டணம் கட்ட முடிந்த வீடுகளிலிருந்து பெருமளவில் எடுத்த பிள்ளைகள் அவர்கள். பொறுக்கி எடுத்த விதைநெல் முளைத்ததற்கு வயலை மட்டும் புகழ முடியுமா? கேட்க வேண்டியது வேறு கணக்கு: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் முடித்தார்கள்? இடையில் போனவர்கள் ஏன் போனார்கள்? தடுமாறும் பையனைத் தூக்கி நிறுத்துகிறார்களா, வேறு பள்ளி பாருங்கள் என்று நாசூக்காக வழியனுப்புகிறார்களா என்பது இந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியாகக் கவனிப்போம் என்பது சபைக் கல்வியின் மையக் கொள்கை. அது நடக்கிறதா என்பதை முதல் பத்து ரேங்க் பையன்களிடம் பார்க்க முடியாது, இயற்பியலில் தோற்றவனிடம்தான் பார்க்க முடியும்.

கணக்கு, கணினி வகையில், தமிழர்கள் நெருக்கமாக வாழும் வட்டாரங்களின் அரசுப் பள்ளிகள் பல நேரம் ஒரு படி மேலே இருக்கும். அங்கே ஏ.பி. பாடங்கள் அதிகம், கால்குலஸுக்கு அப்பாலும் வகுப்பு இருக்கலாம். உங்கள் பையன் எட்டாம் வகுப்பிலேயே ஜியோமெட்ரியோ அல்ஜீப்ரா இரண்டோ முடித்திருந்தால், அதை ஏற்று மேல்வகுப்பில் போடுவார்களா, தனியாகத் தேர்வு வைப்பார்களா, பன்னிரண்டில் அவனுக்குப் படிக்க என்ன மிச்சமிருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சபைப் பள்ளியின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: எழுத்தும் பேச்சும். 1599 முதல் இவர்கள் விடாமல் பிடித்திருக்கும் பிடி அது. நான்கு வருடமும் ஆங்கிலக் கட்டுரைகள், அவற்றைச் சிவப்பு மையில் கிழித்துத் தோரணம் கட்டும் ஆசிரியர்கள், பல இடங்களில் லத்தீன், விவாதக் குழு, நாடகம். ஐந்து பக்கம் படித்துவிட்டு அதன் வாதத்தை அரைப் பக்கத்தில் சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள். கணக்கில் புலியாகவும் மேடையில் பூனையாகவும் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இது நிஜமாகவே தேவைப்படும் ஒன்று.

ஆண்கள் மட்டும் படிப்பதால் கவனம் சிதறாது என்பார்கள். இதற்கு ஆதாரம் தேடினால் கைக்கு அதிகம் கிடைக்காது. 2014-ல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று 21 நாடுகளின் 184 ஆய்வுகளை, 16 லட்சம் மாணவர்களைச் சேர்த்துப் பார்த்தது. குடும்ப வசதி போன்றவற்றைச் சரிசெய்து ஒப்பிட்ட நல்ல ஆய்வுகளில், ஒருபாலர் பள்ளிக்கும் இருபாலர் பள்ளிக்கும் மதிப்பெண்ணில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆக, இது உங்கள் பையனின் இயல்பைப் பொறுத்த விஷயம். பாடகர் குழுவிலும் நாடகத்திலும் கூச்சமில்லாமல் சேரும் சூழல் ஆண்கள் பள்ளியில் சிலருக்குக் கிடைக்கிறது. பெண்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசும் கூட்டமும் அதே சூழலில்தான் சேர்கிறது. 2018-ல் பிரெட் கவனாவின் உச்ச நீதிமன்ற நியமன விசாரணையில், 1980-களின் தொடக்கத்தில் அவர் படித்த ஜார்ஜ்டவுன் பிரெப் மாணவர்களின் குடியும் ஆண்டு மலரில் எழுதிய கிண்டல்களும் நாடறியப் பேசப்பட்டன. தன் மீதான பாலியல் குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அது தனி வழக்கு. ஆனால் ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஒரு பள்ளியின் வாராந்திர விருந்துகள் விவாதப் பொருளானதை மறக்க வேண்டாம். இப்போது வார இறுதிகளில் என்ன நடக்கிறது என்று அங்கே படிக்கும் பையனின் அம்மாவிடம் கேளுங்கள், சேர்க்கை அலுவலரிடம் அல்ல. பீனிக்ஸ் பிராஃபி போன்ற இடங்களில் பக்கத்திலேயே பெண்கள் கத்தோலிக்கப் பள்ளி இருப்பதும் ஒரு வசதி.

சமயம். இந்து, முஸ்லிம் குடும்பங்கள் இதில் தயங்குவது நியாயம். பெரும்பாலான சபைப் பள்ளிகள் எல்லா மதத்தவரையும் சேர்க்கின்றன. நியூயார்க்கின் ரீஜிஸ் மட்டும் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பையன்களை மட்டுமே எடுக்கும். சேர்ந்தபின் எல்லோருக்கும் நான்கு வருட இறையியல் கட்டாயம், அதற்கு மதிப்பெண் உண்டு, அந்த மதிப்பெண் ஜி.பி.ஏ.யிலும் சேரும். பள்ளித் திருப்பலிக்கு எல்லோரும் வர வேண்டும்; நற்கருணை வாங்க வேண்டியதில்லை, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி ஆசி வாங்கலாம், அல்லது இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். மேல்வகுப்புகளில் உலக சமயங்கள் என்றொரு பாடம் பல பள்ளிகளில் இருக்கும். மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை என்பது என் எண்ணம். நடப்பது பெரும்பாலும் வேறு. 'நாம ஏன் இப்படிக் கும்பிடுறோம்?' என்று பையன் சாப்பாட்டு மேசையில் கேட்கத் தொடங்குவான், நமக்குப் பதில் தெரியாது. அதற்குத் தயாராக இருப்பது நல்லது.

பணம். ஊரைப் பொறுத்து ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 15,000 டாலரிலிருந்து 30,000 வரை, சில இடங்களில் அதற்கும் மேல். விடுதி வசதியுள்ள ஜார்ஜ்டவுன் பிரெப் இந்தக் கணக்கிலேயே வராது. வருடா வருடம் ஏறும். புத்தகம், சீருடை அல்லது கோட்டு, விளையாட்டு, போக்குவரத்து தனி. அதற்கு மேல் நன்கொடை கேட்டு மின்னஞ்சல்கள் வரும். வரி கட்டியபின் கையில் நிற்கும் பணத்திலிருந்து இதையெல்லாம் கொடுக்க வேண்டும். கல்லூரிக்காகச் சேர்க்கும் 529 கணக்கிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்ட 2018 முதல் மத்தியச் சட்டம் வரம்புக்குட்பட்டு இடம் கொடுக்கிறது. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அதை ஏற்பதில்லை, அங்கே மாநில வரி விழும். உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம், வரிக் கணக்கு நகலோடு. நாம் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நம்மவர்கள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் குடும்பங்கள் தயங்காமல் கேட்க வேண்டும். அதற்கென்றே நிதி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ரீஜிஸ் இங்கேயும் விதிவிலக்கு: 1914-ல் ஒரு விதவை பெயர் சொல்லாமல் கொடுத்த பெருங்கொடையில் தொடங்கி, இன்றுவரை கட்டணமே இல்லை. தொற்றுநோய் நிபுணர் ஆன்டனி ஃபவுச்சி புரூக்ளினிலிருந்து தினமும் ரயிலேறிப் போய்ப் படித்து 1958-ல் வெளிவந்தது அங்கேதான். ஏழைப் பிள்ளைகளுக்காக 1996-ல் சிகாகோவில் சபை தொடங்கிய கிறிஸ்தோ ரே பள்ளியில், மாணவர்கள் வாரம் ஒருநாள் அலுவலகங்களில் வேலை பார்த்து அந்தச் சம்பளத்தைக் கட்டணத்தில் கழிக்கிறார்கள். அது இருபாலர் பள்ளி, அதோடு வசதியான குடும்பங்களுக்கானது அல்ல. ஆனால் மெசினாவில் இலவசமாகத் தொடங்கிய கல்வி இன்று எவ்வளவு விலைக்குப் போய்விட்டது என்ற உறுத்தல் சபைக்குள்ளேயே இருப்பதை அது காட்டுகிறது.

இருட்டுப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் அரைகுறை. 1838-ல் மேரிலாந்து சபையினர் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அந்தப் பணம் உதவியது. நம் காலத்துக்கு வந்தால், சிறார்மீதான பாலியல் கொடுமைகள். சபையின் ஓரிகன் மாகாணம் 2009-ல் திவால் மனு போட்டு, 2011-ல் 16.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அலாஸ்காவையும் வடமேற்கையும் சேர்ந்த பழங்குடிப் பிள்ளைகள். 2018 டிசம்பரிலிருந்து சபையின் அமெரிக்க மாகாணங்கள், நம்பத்தகுந்த குற்றச்சாட்டுக்கு உள்ளான சபையினரின் பெயர்ப் பட்டியல்களை அடுத்தடுத்து வெளியிட்டன. எந்தெந்தப் பள்ளியில் பணிபுரிந்தார்கள் என்ற விவரமும் அவற்றில் உண்டு. நீங்கள் பார்க்கும் பள்ளியின் பெயர் அதில் வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அதனாலேயே ஒதுக்க வேண்டும் என்பதில்லை. ஆசிரியர், பயிற்சியாளர், தியானத்துக்குக் கூடவரும் பெரியவர் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை உண்டா, பையனோடு ஒரு பெரியவர் தனியே இருக்கலாமா, புகார் யாரிடம் போகும் என்று நேராகக் கேளுங்கள். நெளியாமல் பதில் சொல்பவர்களை நம்பலாம். 'அதெல்லாம் பழைய கதை' என்று சிரித்து மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

சேர்க்கைக்கான காலண்டர் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஓப்பன் ஹவுஸ். டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பமும் தேர்வும். பல பள்ளிகள் எச்.எஸ்.பி.டி. தேர்வைக் கேட்கும்: சொல்திறன், எண்திறன், வாசிப்பு, கணிதம், மொழி என ஐந்து பகுதி, இரண்டரை மணி நேரத்தில் ஏறத்தாழ 300 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எனவே எதையும் காலியாக விடக்கூடாது. கஷ்டமான தேர்வு இல்லை, வேகம்தான் சோதனை. இரண்டு மாதிரித் தேர்வு எழுதினால் போதும். ஆயிரக்கணக்கில் கொட்டிப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. நியூயார்க் பக்கம் டாக்ஸ் என்ற வேறு தேர்வு. ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணும் கணக்கு, ஆங்கில ஆசிரியர்களின் பரிந்துரையும் பார்ப்பார்கள் என்பதால், எட்டாம் வகுப்பில் விழித்துக்கொள்வது கொஞ்சம் தாமதம். விண்ணப்பக் கட்டுரையைப் பையனே எழுதட்டும். அப்பா எழுதிய கட்டுரையை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஷேடோ டே என்று ஒருநாள் பையனை அங்கே படிக்கும் ஒரு மாணவனோடு நாள் முழுக்கச் சுற்றவிடுவார்கள். அதற்கு அவசியம் அனுப்புங்கள். வீடு திரும்பியதும் 'பிடிச்சுதா?' என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான், வகுப்பில் யாராவது தப்பாகப் பதில் சொன்னபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள், ஆசிரியருக்கு எத்தனை பேர் பெயர் தெரிந்திருந்தது என்று கேட்டுப் பாருங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டியிருந்தது என்பதும் முக்கியம். தினமும் ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் வருவது நான்கு வருடத்தில் ஒரு பையனின் தூக்கத்தையும் கால்பந்தையும் தின்றுவிடும்.

பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ முடிவு வரும். இடத்தை உறுதி செய்ய முன்பணம் கட்டச் சொல்வார்கள். சில வாரம்தான் அவகாசம், பெரும்பாலும் அது திரும்பக் கிடைக்காது. உதவித்தொகைக் கடிதம் கைக்கு வருமுன் கட்டிவிடாதீர்கள், தாமதமானால் அவகாசம் கேளுங்கள், கொடுப்பார்கள். காத்திருப்போர் பட்டியலில் போட்டிருந்தால், இன்னும் ஆர்வமாக இருக்கிறோம் என்று ஒரு சிறு கடிதம் எழுதிவிடுங்கள். ஜூன் வரைகூட இடம் காலியாகும். இதற்கிடையில் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பதிவையும் பாடத் தேர்வுப் படிவத்தையும் வழக்கம்போல முடித்து வைத்திருங்கள். அங்கே பதிவு செய்து வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.